குஞ்சுக் காலில் மினுக்கம்

காரியாபட்டி, செவ்வாய்

அன்புள்ள அத்தானுக்கு, முதலில் அடுப்பை அணைத்துவிட்டு, நம் மகள் ஜெமிமாவோடு வெளியே நின்று இதைப் படியுங்கள். கர்த்தர் கிருபையால் நான் நலம்.

காலையில் பண்ணைக் கொட்டகையில் நானும் பண்ணைக்கார மரகதம் அக்காவும் இருநூறு குஞ்சுகளும் மட்டுமே இருந்தோம். உங்கள் பட்டாசுக் கம்பெனியிலிருந்து நீங்கள் கொண்டுவந்து தந்த காகிதத் துண்டுகளைத்தான் குஞ்சுகளுக்கு மெத்தையாகச் சூட்டு விளக்கின் கீழே பரப்பியிருந்தேன்.

"ஏத்தா இன்பம், குஞ்சுக்குக் கொலுசா மாட்டிவிட்டே? காலெல்லாம் மின்னுதே!" என்று அக்கா சிரித்தார்.

குனிந்து பார்த்தேன். அது காகிதத்தில் ஒட்டியிருந்த வெடிமருந்துத் தூள். விளக்கோ ஒரு முழம் மேலே, வெறும் சணல் கயிற்றில் தொங்கியது. வெளியே ஓடி மெயினை அணைத்தேன். குஞ்சுகளை ஈரத் துணியால் கால் துடைத்து வேறு அறைக்கு மாற்றிவிட்டோம். அங்கே தரையில் உமிதான். விளக்கையும் சங்கிலியில் கட்டிவிட்டோம். ஒன்றும் சாகவில்லை.

ஆனால் அதே காகிதம் இன்னொரு மூட்டை நம் அடுப்படியில் இருக்கிறதே! அதை இழுக்காதீர்கள், உரசினாலே பற்றிக்கொள்ளும்; உங்கள் கம்பெனி போர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. அதனால்தான் தீவன வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜெபம் பண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

அவர் காத்திருப்பார். உடனே பதில் எழுதிக் கொடுங்கள். ஜெமிமாவையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அவள் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

இன்பம்