அலமாரியில் மாட்டிய துணிகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

பயப்படாமல் படியுங்கள். நான் சுத்தம் செய்யும் வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். அப்படி விட்டால் இங்கே வீட்டுவரி இரண்டு மடங்கு. அதனால் நானே அங்கு குடியிருப்பதாகக் காட்ட, என் துணிகளைக் கொண்டுவந்து அலமாரியில் மாட்டச் சொன்னார் முதலாளியம்மா. வேலை போய்விடுமோ என்று பயந்து மாட்டினேன்.

நேற்று வரி அதிகாரி வந்தார். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார்.

“இங்கதான் குடியிருக்கீங்களா? ஆமான்னா கையெழுத்துப் போடுங்க.”

முதலாளியம்மா கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். கையெழுத்துப் போட்டு, பிறகு பொய் வெளிப்பட்டால் என் விசா போய்விடும். பேனாவை வாங்கிவிட்டேன், ஆனால் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன்.

“இல்லீங்க, நான் இங்க வேலை செய்றவ” என்றேன்.

அதிகாரி போனதும் முதலாளியம்மா சொன்னது ஒன்றுதான்: “உன் துணிய எடுத்துட்டுக் கிளம்பு.”

வேறு இரண்டு இடங்களில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், ஒன்று தையல் கடை. தம்பியிடம் என் தையல் சான்றிதழின் நகலை அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். பேச ஒன்றுமில்லாவிட்டாலும் வீட்டுச் சத்தமாவது கேட்கட்டும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன், பஸ் வந்துவிட்டது. நான் செய்தது சரிதான் என்றால், அதை மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் மகள்