நாற்பது பேரீச்சைகளின் மஹர்

அளவற்ற அருளாளனின் திருப்பெயரால் தொடங்குகிறேன். கடலுக்கு அப்பால் சான்சிபார்க் கரையில் பிழைக்கும் என் அருமை மகன் நப்ஹானுக்கு, உன்னை ஈன்ற மௌஸா எழுதுவது. நானும் உன் தங்கை ரய்யாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அங்கே உன் காய்ச்சல் தணிந்து, உண்ட சோறு உடம்பில் ஒட்டுகிறது என்ற செய்தி வந்தால் எங்கள் நலம் முழுமை பெறும். உன் தந்தையின் மறைவைப் பருவத்தின் முதற் கப்பலில் எழுத்தரைக் கொண்டு நான்கு வரியில் தெரிவித்தேன். அன்று நானே எழுதும் நிலையில் இல்லை. இன்று நானே எழுதுகிறேன். வடகாற்று ஓய்வதற்குள் புறப்படும் கடைசிக் கப்பலில் இது உன்னை வந்தடையும். உன் சிற்றப்பன் கல்ஃபானின் ஓலையொன்றும் அதே கப்பலில் வரக்கூடும். அதில் நீ முத்திரை இடலாகாது. ஏன் என்பதை முறைப்படி கூறுகிறேன், பொறுமையாகப் படி.

உன் தந்தை விட்டுச் சென்றவை நீ அறிந்தவையே: எழுபது ஈச்சைகள் நிற்கும் தோப்பு, மலையிலிருந்து இறங்கும் வாய்க்காலில் நமக்குரிய முறைநீர், இந்த வீடு. வாய்க்கால் இடிந்த ஆண்டில் நம் பங்குச் செலவுக்காக நிஸ்வா நகர வணிகரிடம் அவர் வாங்கிய கடனும் உண்டு. மகன் இருக்கும்போது தம்பிக்குச் சொத்தில் பங்கில்லை. அது கல்ஃபானுக்கும் தெரியும். பங்கு வழியே நுழைய முடியாதவர் கடன் வழியே நுழையப் பார்த்தார். பாடையை எடுக்கும் வேளையில் ஊர் முழுதும் கூடியிருக்க, கையை உயர்த்தி, "என் அண்ணன் யாருக்கு என்ன பாக்கி வெச்சிருந்தாலும் அது இனிமே என் கழுத்துல! கேக்கிறவங்க என் வாசலுக்கு வாங்க!" என்று முழங்கினார். ஊரார் கண்ணீர் மல்க அவரை வாழ்த்தினார்கள். அவர் மனத்தில் வணிகர் கடன் ஒன்றே கணக்கில் இருந்தது. அதை அடைத்துவிட்டு ஈடாக நம் நீரைக் கேட்பது அவர் திட்டம். துக்கம் கேட்க வந்தவர் போல வந்து அதைக் கேட்கவும் செய்தார். "மதினி, கடனை நான் தீர்த்துர்றேன். பதிலுக்கு அந்தத் தண்ணி முறையை எனக்கு விட்டுருங்க. நப்ஹான் கடல் தாண்டினவன். ரய்யா நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ. தண்ணிய வெச்சிட்டு நீங்க என்ன பண்ணப்போறீங்க, ஒட்டகமா வளக்கப்போறீங்க?" என்றார். தண்ணீரைக் கொடுத்தபின் ஈச்சைக்கும் விறகுக்கும் வேறுபாடு இல்லை என்பதை அவர் அறியாதவரா? நான் திரைக்கு இப்பாலிருந்து, கடன் கொடுத்தவர்கள் அனைவரும் வந்து முடியட்டும், பிறகு பேசலாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். எல்லாக் கடனையும் விட மூத்த கடன் ஒன்று இந்த வீட்டிலேயே இருந்ததை அவர் மறந்தார். அது என் மஹர், கணவர் எனக்குத் தரவேண்டிய மணக்கொடை. என் திருமண ஒப்பந்தத்தில், மணக்கும்போது கொடாமல் பின்னர் கொடுக்கக் கடவது என்று வைக்கப்பட்டது நாற்பது ஈச்சைகள். அவற்றில் ஒரு குருத்துக்கூட இந்நாள் வரை என் பெயருக்கு வரவில்லை.

நம் ஊர்ப் பெண்கள் அதை எப்படித் தீர்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கணவன் கண்மூடும் தறுவாயில் மனைவி "மன்னித்தேன்" என்கிறாள், கடன் கரைந்துவிடுகிறது. உன் தந்தையின் கட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் என்னையும் அவ்வாறே வற்புறுத்தினார்கள். "ஒரு வார்த்தைதானேடி மௌஸா, சொல்லிடு, மனுஷன் கழுத்து லேசாகிப் போகட்டும்!" என்று உன் சிற்றப்பன் மனைவி ஷன்னூனா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். நான் வாய் திறக்கவில்லை. அவர் மூச்சு அடங்கும் வரை அவர் கையைப் பற்றியபடி அமர்ந்திருந்தேன். அதற்கான கூலியை ஷன்னூனா எனக்கு அளந்து கொடுத்தாள். தண்ணீர்த் துறையில் நின்று, "நாப்பது மரத்துக்காகப் புருஷனைக் கடனோட குழியில எறக்கினவ!" என்று பாத்திரம் துலக்க வருவோரிடமெல்லாம் பறைசாற்றினாள். ரய்யா அழுதுகொண்டு வந்தாள். அழாதே, அவள் நமக்காகத்தான் கூவுகிறாள் என்றேன். பெண் அப்போது என்னை அறிவு பேதலித்தவள் போலப் பார்த்தாள்.

துக்கக் காலத்தில் நான் வாசல் தாண்டக் கூடாதாகையால் கடனையும் பங்கையும் தீர்த்துவைக்கக் காஜியார் கழுதையேறி நம் வீட்டுக்கே வந்தார். நான் திரைக்குப் பின்னிருந்து ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன், ஓரிடத்திலும் தடுமாறவில்லை. பங்கிடுவதற்கு முன் கடன் தீர்க்கப்படவேண்டும், கடன்களுள் என்னுடையதும் ஒன்று என்றேன். கல்ஃபான் சிரித்தார். "ஐயா, எந்தப் பொம்பளை அதை மன்னிக்காம விடுவா? இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?" என்றார். மன்னித்ததற்குச் சாட்சி யார் என்று காஜியார் வினவ, "என் வீட்டுக்காரியே அங்கதான் நின்னா, கேளுங்க" என்று தம் மனைவியைத் தாமே அழைத்தார். ஷன்னூனா சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவள். அந்தப் பெருமையை அவளிடமிருந்து நான் பறிக்கமாட்டேன். "மன்னிக்கலைங்க ஐயா. எத்தனை தடவை கேட்டோம்! கல்லு மாதிரி உக்காந்திருந்தா. அதைத்தானே நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வரேன்" என்றாள். கல்ஃபானின் முகம் வெயிலில் வைத்த சுறாக் கருவாடாயிற்று. "இதை ஏன்டி என்கிட்ட சொல்லலை?" என்று சீறினார். அவளும் சளைக்கவில்லை: "சொன்னேனே! பொம்பளைங்க பேச்சு வேணாம், காப்பியக் கொண்டான்னீங்க!" திரைக்கு அப்பால் காஜியாரே இருமுவது போல நடித்ததை நான் கேட்டேன்.

பிறகு வழக்கு நீளவில்லை. "பாடைகிட்ட நின்னு எல்லாக் கடனும் என் கழுத்துலன்னீங்க. மஹர் நீங்கலான்னு சொல்லலையே. அப்ப உங்க தோப்புல நாப்பது மரம் எண்ணிக் கொடுங்க" என்றார் காஜியார். கல்ஃபான் தம் தோப்பைக் காப்பாற்றிக்கொள்ள எதற்கும் இசையும் நிலைக்கு வந்தார். நான் அவரை வேரோடு சாய்க்க விரும்பவில்லை. அவர் உன் தந்தையின் இரத்தம். வணிகர் கடனை அவர் ஈடு கேளாமல் தீர்ப்பது. என் மஹருக்கு ஈடாக நம் முறைநீரும் நம் தோப்பில் வாய்க்கால் கரையோரம் நிற்கும் மரங்களும் எனக்குச் சேர்வது. அத்துடன் அவர் கழுத்து விடுபடுவது. இவ்வாறு முடித்து முத்திரையிட்டோம். மீந்ததில் எனக்கு எட்டில் ஒன்று. எஞ்சியதில் உனக்கு இரு பங்கு, ரய்யாவுக்கு ஒரு பங்கு. ரய்யாவின் மரங்களுக்கு நானே நின்று, இல்லை, துக்கத்தில் நிற்க இயலாமையால் மாடிச் சாளரத்திலிருந்து குரல் கொடுத்து, தனியே வரம்பு போடச் செய்தேன். அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துப் பெருநாள் புடைவையோடு நிறைவடையும் தங்கையாக அவள் இருக்கப்போவதில்லை. இதில் உனக்கு மனக்குறை இருந்தால் எழுது; கேட்பேன், மாற்றமாட்டேன்.

இனி, உன்னிடம் மட்டும் சொல்லவேண்டியது. தந்தையைக் கடனோடு அனுப்பினாயே அம்மா என்று உன் உள்ளமும் கேட்கும். அந்த வாரத் தொடக்கத்தில், நினைவு தெளிவாயிருந்த பொழுதில், அவரே என்னை அருகே அழைத்தார். "மௌஸா, எல்லாரும் உன்னை மன்னிக்கச் சொல்லுவாங்க. மன்னிச்சிராத. நீ விட்டுட்டா தம்பி தண்ணிய வாங்கிருவான். நோயாளியா நான் இப்ப எழுதித் தந்தா செல்லாதுன்னு வழக்காடுவான். என் கழுத்து கொஞ்ச நாள் கனத்தாப் பரவாயில்ல, நீ சீக்கிரம் வசூல் பண்ணிடு" என்று சொல்லிச் சிரிக்கவும் முயன்றார். கணவன் மனைவிக்குள் சொன்ன சொல்லுக்குச் சாட்சி கிடையாது. சாட்சியில்லாச் சொல்லை அவையில் வைப்பது என் வழக்கமன்று. ஆகவே எவரிடமும் சொல்லவில்லை. அவர் இட்ட பணியை முடித்துவிட்டேன். இப்போது அவர் எவருக்கும் கடன்படாதவராய் உறங்குகிறார்.

ஆதலால், கல்ஃபான் உன் பங்கை நல்ல விலைக்குக் கேட்டால் நன்றி கூறி மறுத்துவிடு. உன் மரங்கள் ஒருமுறை அவர் கைக்குப் போனால், அடுத்த தோப்புக்காரர் என்ற உரிமையில் ரய்யாவின் வரம்பையும் நாளை அவர் கேட்பார். நீ வரும் வரை உன் மரங்களுக்கும் என் நீர் பாயும். கொதிக்கவைக்காத நீரைப் பருகாதே, மழையில் நனைந்த ஆடையோடு உறங்காதே, தொழுகையைத் தள்ளிப்போடாதே. தென்காற்று எழும்போது வரும் முதற் கப்பலில் உன் மறுமொழியோ, அதனினும் மேலாக நீயோ வந்து சேரவேண்டும். இறைவன் உன் கைத்தொழிலில் வளமும் உன் நெஞ்சில் உறுதியும் அருள்வானாக.

முடிக்குமுன் ஒன்று. தீர்ப்புக்குப்பின் நம் முறை வந்த முதல் விடியலில் மதகு காக்கும் நீர்க்கட்டி நம் வாசலில் நின்று, "மதகைத் திறக்கையில யார் பேரைக் கூப்பிடட்டும் தாயே? முஸல்லம் அண்ணன் பேரையேவா?" என்று கேட்டார். உன் தந்தையின் பெயர் என் நாநுனி வரை வந்தது. இல்லை, நீருக்கு உரியவர் எவரோ அவர் பெயர் என்றேன். சற்று நேரத்தில் "மௌஸா முறை! கீழ்மடைய அடைங்க!" என்ற குரல் வாய்க்கால் நெடுகக் கேட்டது. கீழ்மடை கல்ஃபானுடையது. அவரே எழுந்துபோய் அடைத்தார் என்று மதகில் நின்ற ரய்யா வந்து சொன்னாள்.

உன் நல்வாழ்வை வேண்டி, தன் கையால் எழுதி, தன் முத்திரை இட்டவள்,
முஸல்லமின் துணைவி, முறைநீருக்கு உரிய மௌஸா.