முருகேசன் இன்று லீவு

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலிருந்தே தூறல். துணி காயவில்லை. ஈஜிபுரா அறை முழுக்க ஈர வாடை.

புதன்கிழமை கிளையன்ட் மீட்டிங்கில் நான் பேச வேண்டுமாம். கேமரா போட்டு. மேனேஜர் ரமேஷ் சார் தன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லிவிட்டார்.

"ஏன் ரீ பயப்படுறீங்க? சாஃப்ட்வேர் டெஸ்டிங் பூரா நீங்க பண்ணதுதானே? நல்லா பேசிட்டா வேலை பர்மனென்ட், ஆய்த்தா?"

பேசாவிட்டால்? கேட்கவில்லை. புரொபேஷன் இந்த மாதத்தோடு முடிகிறது.

இதில் இன்னொரு சிக்கல். தேன்மொழி என்று நான் ஒருத்தி இருப்பதே கிளையன்ட்டுக்குத் தெரியாது. சேர்ந்த அன்று கம்பெனியில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அதெல்லாம், இனிஷியல்தானே. 'மு.'வை விரித்து அப்பா பெயரைக் கொடுத்தேன். சாட்டில், மெயிலில் அதுதான் தெரிகிறது. அவர்களுக்கு நான் முருகேசன். ஆம்பிளை.

திருத்தப் பயம். பிடித்தும் இருந்தது. முருகேசன் நறுக்கென்று எழுதுவான். 'இது தவறு, இப்படி அனுப்ப முடியாது' என்பான். தேன்மொழிக்கு ஆட்டோவில் 'இங்க நிறுத்துங்க' என்று சொல்லவே வாய் வராது. ஒரு தெரு தள்ளி இறங்கி நடந்து வருவாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
மழை இல்லை.

வாங்க: ஷாம்பூ, ஊக்கு, ஒரு நல்ல கம்மல்.

அறைத்தோழி ஷீலா முன் பேசிப் பார்த்தேன். பார்லரில் வேலை செய்பவள். "புருவம் எடுக்கும்போது வலிக்குதுன்னு சொல்றவங்ககூட உன்னவிட சத்தமா சொல்வாங்கடி!" விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தால், வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளை முகம். இதைப் பார்த்த பிறகு என் ரிப்போர்ட்டை யார் நம்புவார்கள்?

ஆம்பூர் வீட்டுக்கு போன். அவர் பெயரில்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். "என் பேரையா? அந்தப் பேருக்கு யாரும்மா பயப்படுவாங்க?" முதலாளி எதிரில் இன்றுவரை நாற்காலியில் உட்காராதவர் அவர்.

ஆகஸ்ட் 6, புதன்
எழுதவே பயமாக இருக்கிறது.

மீட்டிங் அறையிலிருந்து பேசினோம். திரையில் அறையின் பெயர் மட்டும்தான். அந்தப் பக்கம் இருந்த கிளையன்ட் அம்மா சிரித்தபடி கேட்டார்: "நீங்கள் புதிதா? முருகேசன் வரவில்லையா?"

நான்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயில் வந்தது வேறு.

"அவர் இன்று லீவு. அவருக்குப் பதில் நான்."

ரமேஷ் சார் காபியை அப்படியே கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தப்பு வந்தால் முருகேசன் தலையில்தானே. கடகடவென்று பேசினேன். ஒரு பிழையை அப்படியே விட்டுவிட்டு ரிலீஸ் செய்யலாமா என்றார் அந்த அம்மா. "முருகேசன் ஒப்புக்கொள்ளவே மாட்டார்" என்றேன். சரி என்றுவிட்டார்.

முடிந்ததும் சார் கதவைச் சாத்தினார்.

"யாரு ரீ லீவு?"

"முருகேசன், சார்."

"அது நீங்கதானே!"

"ஆமா சார்."

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிளையன்ட்டிடமே பொய். வேலை போச்சு.

ஆகஸ்ட் 7, வியாழன்
வெயில். சாப்பிடவில்லை.

கிளையன்ட் மெயில். சாருக்கு எழுதியது, முருகேசனுக்கும் நகல். 'முருகேசன் கெட்டிக்காரர். ஆனால் நேற்று பேசிய பெண் இன்னும் தெளிவு. அடுத்த வாரத்திலிருந்து அவருக்குப் பதில் அந்தப் பெண்ணையே போட முடியுமா? முருகேசன் வருத்தப்படாமல் இருக்க வேண்டும்.'

என் வேலையை நானே பிடுங்கிக்கொண்டேன்.

சார் மேசைக்கு வந்தார். "பதில் நீங்களே எழுதுங்க. நிஜத்த எழுதுங்க. திட்டு வந்தா ரெண்டு பேரும் வாங்கலாம், ஆய்த்தா?"

எழுதினேன். அழித்தேன். முருகேசனாக நினைத்துக்கொண்டால் வாக்கியம் தானாக வருகிறது. தேன்மொழி எழுதினால் 'மன்னிக்கவும்' என்றே ஆரம்பிக்கிறது. நாலு முறை அதை எடுத்தேன்.

கடைசியில் அனுப்பியது: 'முருகேசன் என் அப்பா பெயர். அவர் லீவில் இல்லை, இந்தக் கம்பெனியிலேயே இல்லை. இதுவரை உங்களுக்கு எழுதியது நான். நேற்று பேசியதும் நான். என் பெயர் தேன்மொழி.'

கேன்டீனில் டீ வாங்கி, குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் வந்துவிட்டது. 'அன்புள்ள தேன்மொழி' என்று ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே இன்னும் படிக்கவில்லை.