தொட்டியில் நனைக்காத வலை

கிள்ளை,
19.6.2011

அன்புள்ள தம்பி சேரனுக்கு,

அக்கா அமராவதி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம், சிங்கப்பூரில் உன் சுகமும் ஜெயராணி சுகமும் அறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததும் நீ "சிக்னல் இல்லக்கா, அப்புறம் கூப்புடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்குச் சிதம்பரத்தில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியோடு டிவி பார்க்கிறாள், சொன்னால் கேட்பதில்லை. என் மகள் இசைவாணி அண்ணாமலை நகரில் விலங்கியல் இரண்டாம் வருஷம் போகிறாள். சேரன் மாமா மாதிரி ஆராய்ச்சிக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பத்து நாளாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. காரணம் நீ அனுப்பிய கட்டுரைதான்.

என் பெயர் முதலில் வந்திருக்கிறது, எல்லோருக்கும் காட்டு என்று அவளுக்கு ஈமெயிலில் அனுப்பினாயே, அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணில் ஒற்றாதே என்று சொல்லச் சொல்ல அம்மா ஒற்றிக்கொண்டாள். உங்க மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போய்வந்தார். நான்தான் சும்மா இருக்காமல், உள்ளே என்ன எழுதியிருக்கிறது, தமிழில் சொல் என்றேன்.

இசை வரி வரியாகச் சொன்னாள். வெள்ளைப் புள்ளி நோய் வந்த இறாலிலிருந்து வைரசைப் பிரித்து அதன் மரபணுவைப் பார்த்தாயாம். வைரசுக்கும் ஊருக்கு ஊர் கொஞ்சம் வித்தியாசம் இருக்குமாம். ஆனால் பரங்கிப்பேட்டைப் பக்கத்துக் குட்டை ஒன்றில் எடுத்ததும், கிள்ளைக் குட்டை ஒன்றில் எடுத்ததும் அச்சு அசலாக ஒன்றாம். ஆகவே நோய் அங்கிருந்து நேரே இங்கே வந்திருக்கிறது, சுத்தம் பேணாத கூலியாட்கள் வலையையும் வாளியையும் குட்டைக்குக் குட்டை தூக்கிப் போவதுதான் காரணமாக இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.

கிள்ளைக் குட்டை ஒன்று என்றால் எது தம்பி? நம்முடையது. கூலியாள் என்றால் யார்? நம்மிடம் இருந்தது ஒரே ஆள், கொளஞ்சியப்பன். ஏழு வருஷம் நம் கரையிலேயே கிடந்தவர். பரங்கிப்பேட்டைக் குட்டையை அவர் மிதித்ததே இல்லை. அதையும் இதையும் மிதித்தவன் நீ ஒருவன்தான்.

போன வருஷம் சித்திரையில் வந்தாயே, நினைவிருக்கிறதா? காலையில் வாடகைக் காரில் பரங்கிப்பேட்டைப் பக்கம் போய், இறால் செத்து மிதக்கிற குட்டையில் மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, மத்தியானம் நேரே நம் குட்டைக்கு வந்தாய். கையில் நீலக் கை வலை, ஈரம்கூடக் காயவில்லை. நம் கரை முகப்பில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி இருக்கிறது. காலையும் சாமானையும் அதில் நனைக்காமல் ஒருத்தரும் உள்ளே வர முடியாது. தீவனம் ஏற்றி வருகிறவன் நனைப்பான். கரண்ட் மீட்டர் பார்க்கிறவர் முணுமுணுத்துக்கொண்டே நனைப்பார். கட்சிக்காரர் ஒருத்தர் மறுத்ததற்கு உங்க மாமா அவரை வாசலோடு திருப்பி அனுப்பினார். நீ பேண்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாண்டாகத் தாண்டினாய். "இசை, இங்க வா, குடலு கண்ணாடி மாதிரி தெரியும் பாரு" என்று அந்த வலையை விட்டு நாலு இறாலை அள்ளிக் காட்டினாய். அறுபது நாள் வளர்ந்த இறால், என்னமாய்த் துள்ளியது.

ஆறாம் நாள் அது தீவனம் எடுக்கவில்லை. எட்டாம் நாள் கரையோரம் ஒதுங்கியது, ஓட்டில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளி. பதினோராம் நாள் நாற்றத்தில் கரையில் நிற்க முடியவில்லை. நீ போனில் ரொம்ப வருத்தப்பட்டாய். வருத்தத்தோடு, பத்து இறாலை ஸ்பிரிட்டில் போட்டுச் சென்னையில் உன் நண்பரிடம் சேர்க்கவும் சொன்னாய். அதைப் பொறுக்கிப் பாட்டிலில் போட்டது யார் என்று நினைக்கிறாய்? கொளஞ்சியப்பன்தான். தன் தலையில் பழி போடப்போகிற கட்டுரைக்குத் தானே சாமான் எடுத்துக் கொடுத்தார் அந்த மனுஷர்.

உங்க மாமாவுக்கு அப்போது ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. டீக்கடையில் நாலு பேர் முன்னால் கொளஞ்சியப்பனைப் பார்த்து "நீதான்டா வலைய சரியா நனைக்கல, என் குடியக் கெடுத்துட்ட" என்று கத்திவிட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் தெரிந்தது, ஏதோ ஒரு நாள் பவுடர் தீர்ந்துபோய் வலையை வெறும் தண்ணீரில் அலசினாராம். அதனால்தான் நோய் வந்தது என்று அவரே நம்பிவிட்டார். அன்றிலிருந்து இந்தச் சுற்று வட்டத்தில் ஒரு பண்ணையும் அவரைச் சேர்க்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் குடிகாட்டுப் பக்கம் போய், ஒரு ரசாயனக் கம்பெனியில் காண்ட்ராக்டில் டிரம் உருட்டுகிறார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே இறாலுக்கு என்ன குறை என்று சொல்கிறவர், தம்பி. டிரம் உருட்டுகிறார்.

சிங்கப்பூரில் நோயே அண்டாத இறாலை மரபணு மாற்றி உண்டாக்கப் போகிறோம் என்று சொன்னாய். உண்டாக்கு, நல்லதுதான், நாலு குடும்பம் பிழைக்கும். ஆனால் அது வந்து சேருகிற வரைக்கும் எங்களுக்கு இருப்பது அந்தத் தொட்டித் தண்ணீர் மட்டும்தான். இத்தனை படித்த உனக்கு இது தெரியாதா? வைரஸ் வலையில் ஒட்டிக்கொண்டு வரும் என்று நீயே எழுதுகிறாய், உன் வலை மட்டும் என்ன கோயில் தீர்த்தமா?

கோபம் உன்மேல் மட்டும் என்று நினைக்காதே. இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். அன்றைக்கு நீ தொட்டியைத் தாண்டியதும் கொளஞ்சியப்பன் பதறிப்போய், அந்தப் பிளாஸ்டிக் தொட்டியையே தரதரவென்று இழுத்துக்கொண்டு உன் பின்னாலேயே வந்தார். நான்தான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். நம் குடும்பத்தில் முதல் டாக்டர் பட்டம், அவனைப் போய்க் காலை நனை என்று ஒரு வேலைக்காரர் சொல்வதா என்று எனக்கு உறைத்தது. அந்தக் கொழுப்புதான் குட்டையைக் கொன்றது. டீக்கடையில் அவர் தலைகுனிந்து நின்றபோது நான் பத்தடி தள்ளி நின்றேன். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது. வராத மாதிரி வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

கட்டுரையைக் கேட்ட பிறகு உங்க மாமாவிடம் சொன்னேன். "வுடு அமரா, மச்சான் பேரு என்னாவுறது" என்றார். அவரை விட்டுவிட்டு நானே போன ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியப்பன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன், நான் கண்ணைக் காட்டியதையும் சேர்த்து. அவர் நம்பவில்லை. "டாக்டர் தம்பி அவுங்களுக்குத் தெரியாததாம்மா? அவுங்க வலை சுத்தமாத்தான் இருந்திருக்கும். நாந்தான் அன்னைக்கி பவுடர் போடாம அலசுனேன்" என்று எனக்கே ஆறுதல் சொல்லி அனுப்பினார். வரும் வழியெல்லாம் உன்னையும் என்னையும் திட்டிக்கொண்டே வந்தேன்.

நான் சொல்லி அவர் நம்ப மாட்டார், ஊரும் நம்பாது. நீ சொன்னால்தான் நடக்கும். உன் கட்டுரையைத் திருத்துவதும் திருத்தாததும் உன் மனசாட்சி. எனக்கு வேண்டியது ஒரு கடிதம். உங்கள் மேல் தப்பில்லை, என் வலையில்தான் நோய் வந்தது என்று உன் கையால் அவருக்கு எழுது. இந்தப் பக்கம் இறால் தொழில் செய்கிறவர்களும் பார்க்கட்டும், நாலு பண்ணை அவரைத் திரும்பக் கூப்பிடட்டும். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜெயராணியை அதிகம் நடக்க விடாதே, இது ஏழாம் மாதம். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உனக்காகவும் வேண்டிக்கொள்ளத்தான் கை கூப்புகிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. அதை வரவைப்பது உன் கையில் இருக்கிறது. கொளஞ்சியப்பனுக்கு ஆங்கிலம் கலக்காமல் எழுது. எழுத்தைப் பெரிதாகப் போடு, அவர் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். கீழே உன் பட்டத்தோடு கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
உன் அக்கா,
க. அமராவதி