இரண்டு கதவு, ஒரு முற்றம், பத்து மணி

அன்பு மகள் நீவெஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தம்பி தோபியா மூவரும் சுகம், வீட்டுக் கொதிகலன் மட்டும் இருமிக்கொண்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துப் பார்க்கப் போகிறேன். நார்வேயில் குளிரே தெரியவில்லை என்று நீ போனில் சொன்னதை அம்மா நம்பிவிட்டாள், எனக்கு உன் மூக்கடைத்த குரல் கேட்டது, பொய் சொல்வதென்றால் மூக்கைச் சிந்திவிட்டுச் சொல். பார்சலில் பன்றியிறைச்சியும் கம்பளிக் காலுறையும் இருக்கின்றன, இரண்டில் எது முக்கியம் என்று உனக்கே தெரியும். கடிதம் எதற்கு என்று நினைப்பாய், போனில் சொன்னால் அம்மா குறுக்கே புகுந்து பாதியை அவளே சொல்லிவிடுவாள், இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

தோபியாவை ஜெர்மன் பள்ளியில் சேர்த்தோம் அல்லவா, வீட்டில் இத்தாலியன், பள்ளியில் ஜெர்மன், பையன் இரண்டிலும் பொளந்து கட்டுவான் என்று ஊரே சொல்லித்தான் சேர்த்தோம். செப்டம்பரிலிருந்து வகுப்பில் அவன் வாயே திறக்கவில்லை. தலைமையாசிரியை வால்ட்ராவுட் அம்மா எங்களைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்குள் பேசாவிட்டால் அவனை மாதிரிப் பேசாத பிள்ளைகளோடு தனி அறையில் உட்காரவைப்போம், இதற்குப் பேர்தான் எல்லோரையும் அரவணைக்கும் கல்வி, தம்பி, என்றார். பேசாதவனைப் பேசாத நாலு பேரோடு அடைத்துவைத்தால் பேச்சு எங்கிருந்து வரும் என்று கேட்டேன், உன் அம்மா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தோபியா, முட்டாப் பசங்களைத்தான் அந்த ரூமுக்கு அனுப்புவாங்களாப்பா, என்று கேட்டான். நான் ரோப் கார் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். நவம்பரில் ரோப் கார் ஓடாது என்பது அவனுக்கும் தெரியும்.

இதற்கு நடுவில் ஆராய்ச்சிக் குழு வேறு, மூன்றாவது வருஷமாக வருகிறார்கள். இத்தாலிக்குள்ளேயே இருந்தும் பாதி ஊர் ஜெர்மன் பேசும் இந்தப் பள்ளத்தாக்கில் பிள்ளைகள் பக்கத்து வீட்டு மொழியைப் பல வருஷம் படித்தும் ஏன் பேசுவதில்லை என்பதுதான் ஆராய்ச்சி. ஒரே கட்டடம், இடது கதவு இத்தாலியப் பள்ளி, வலது கதவு ஜெர்மன் பள்ளி, முன்னால் ஒரே முற்றம், இத்தாலியப் பிள்ளைகள் பத்து மணிக்கு முன்னால் விளையாடிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் ஜெர்மன் பிள்ளைகளை வெளியே விடுவார்கள், நீ படித்தபோதும் அப்படித்தான், நான் படித்தபோதும் அப்படித்தான். காரணத்தை மூன்று வருஷமாகத் தேடுகிறார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். அதை விட்டுவிட்டு ஒரு மனித உருவத்தை வரைந்து கொடுத்து, உன் உடம்பில் எந்த மொழி எங்கே இருக்கிறதோ அங்கே வண்ணம் தீட்டு என்றார்களாம். தோபியா தலை முதல் கால் வரை பச்சையைப் பூசிவிட்டான். குழுத் தலைவி சிபில்லெ அதைப் பார்த்து, பையன் மொழிகளுக்கு வெளியே இயற்கையில் அடைக்கலம் தேடுகிறான் என்று எழுதினார். பச்சைப் பென்சில் மட்டும்தான் கூராக இருந்ததாம், அவனே சொன்னான் என்றேன். அதுவும் ஒரு தரவுதான், லோரிஸ், என்று சிரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வெளிநாட்டு விருந்தாளிகளுக்கு முன்னால் ஆராய்ச்சி முடிவை வாசிக்கும் விழா நம் பள்ளியில் நடப்பதாக ஏற்பாடு. இரண்டு பள்ளிக்கும் நேரத்துக்கு மணி அடிக்கும் அந்தப் பொது மணிப் பெட்டியும் பள்ளிக் கொதிகலனும் என் பொறுப்பு என்பதால் முந்தின நாள் சாயங்காலம் இத்தாலியப் பள்ளித் தலைமையாசிரியர் பிரெசான் போன் பண்ணினார். தம்பி, வர்றவங்க முன்னாடி பிள்ளைங்க தனித்தனியா விளையாடினா நல்லாவா இருக்கும், எங்க மணியை ஜெர்மன்காரங்க நேரத்துக்கு மாத்திடு, அவங்ககிட்ட மூச்சு விடாதே, என்றார். சரி என்று வைத்தேன். சூப் ஆறுவதற்குள் வால்ட்ராவுட் அம்மா. தம்பி, நாங்க பெருந்தன்மையா நடந்துக்கணும்னு முடிவு பண்ணிட்டோம், எங்க மணியை இத்தாலியன் நேரத்துக்கு மாத்திடு, அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிஞ்சா ரெண்டு பள்ளியும் சேர்ந்து கூட்டுக் கூட்டம் போடணும். இரண்டு பேர் சொன்னதையும் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார், நீவெஸ். இவர்கள் அவர்கள் நேரத்துக்கு, அவர்கள் இவர்கள் நேரத்துக்கு, மறுபடியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது! மேடம், ஒரு நிமிஷம் அவரோட பேசிடுங்களேன் என்று ஆரம்பித்தேன், மணி உன் வேலை, கொள்கை எங்க வேலை என்று வைத்துவிட்டார். என் வேலையை நான் செய்தேன். இரண்டு பேர் சொன்னதிலும் பாதிப் பாதி செய்து, இரண்டு மணியையும் சரியாகப் பத்துக்கு வைத்தேன்.

பத்துக்கு இரண்டும் சேர்ந்து அடித்தன, இரண்டு கதவும் திறந்தன. பிள்ளைகள் முதலில் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள், யாரோ ஒருத்தன் பந்தை உதைத்தான், அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் கோல் விழுந்ததா இல்லையா என்று சண்டை, இவன் சொல்வது அவனுக்குப் புரியாது, அவன் கத்துவது இவனுக்குப் புரியாது. நடுவே போய் நின்றது யார் தெரியுமா, நம் ஊமைக்கோட்டான். டேய் யாகோப், கோடு எங்கடா இருக்கு, உன் கண்ணு எங்கடா இருக்கு என்று சுத்தமான மலைப்பேச்சு ஜெர்மனில் ஒரு பிடி. திரும்பி இத்தாலியப் பையன்களிடம், கோல்னு ஒத்துக்கிட்டான், அடுத்த உதை எனக்காம் என்று மொழிபெயர்ப்பு. யாகோப் அப்படி எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, பயல் தன் பக்கம் சாய்த்துக்கொண்டான். மேலே அரங்கில் இரு மொழிக் குழந்தைகளின் சந்திப்பு என்று சிபில்லெ படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார், முற்றத்து இரைச்சல் தாங்காமல் ஜன்னலைச் சாத்தச் சொன்னாராம்.

வகுப்பு டீச்சர் எவெலின் விசிலோடு ஓடி வந்தவர் ஊதாமல் நின்றுவிட்டார். என்னிடம், இது புத்தக ஜெர்மன் இல்லை, எங்கப்பா மாட்டைத் திட்டுற ஜெர்மன், இவ்வளவு நாளா இந்தப் பய உட்கார்ந்து கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கான், பேசத்தான் ஒரு காரணம் கிடைக்கலை, என்றார். அன்றைக்கே வால்ட்ராவுட் அம்மாவிடம் போய், இவனைத் தனி அறைக்கு அனுப்புறதுன்னா என்னையும் சேர்த்து அனுப்புங்க என்று சொல்லிவிட்டார். தோபியா அதே வகுப்பில், அதே பெஞ்சில் இருக்கிறான். அன்று ராத்திரி அம்மா இரண்டு பேருக்குப் போதும்படி ரொட்டி உருண்டை செய்தாள், அவன் ஒருத்தனே தின்றான்.

சிபில்லெ விஷயம் கேள்விப்பட்டு, பெற்றோர் ஒப்புதலோடு அந்தச் சண்டையை வியாழக்கிழமை முறைப்படி இன்னொரு தடவை நடத்த முடியுமா என்று கேட்டார். இரண்டு தலைமையாசிரியர்களும் நாங்கள்தான் இறங்கி வந்தோம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார்கள். விருந்தாளிகள் போன மறுநாளே இரண்டு பேரும் தனித்தனியாக, தம்பி, மணியைப் பழையபடி வெச்சிடு என்றார்கள். உன் அப்பா எந்த வேலையையும் பாதியில் விட்டவன் இல்லை, உனக்குத் தெரியும். பெட்டியில் ஒரு பாகம் போய்விட்டது, ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டும், அதுவரை இரண்டும் பத்துக்குத்தான் அடிக்கும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம்தான், ஆனால் பெட்டி பொது, அதைத் தொட வேறு ஆளைப் போட இரண்டு அலுவலகமும் கூட்டுக் கூட்டம் போட்டு, இரண்டு மொழியிலும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் தோபியாவுக்கு மீசை முளைத்துவிடும்.

பத்தொன்பது வயசில் என்னை அப்பனாக்கியவள் நீ, அதனால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து வளர்ந்தவர்கள், உன்னிடம் மறைக்க எனக்குத் தெரியாது. நேரத்துக்குச் சாப்பிடு, ஈரமான பூட்ஸை ஹீட்டர் மேல் வைக்காதே, தோல் வெடிக்கும். ஞாயிற்றுக்கிழமை போனில் தோபியாவோடு ஜெர்மனில் பேசு, கெட்ட வார்த்தை வரும், சிரித்துவிடாதே, நிறுத்திவிடுவான். எல்லாம் நல்லபடியாக நடந்து நீ நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது பள்ளிக்கூடப் பக்கம் போனால் அந்த மணிப் பெட்டியைத் திறந்து பார்க்காதே, நீ என் மகள், பார்த்த உடனே அதில் ஒரு கோளாறும் இல்லை என்று கண்டுபிடித்துச் சொல்லித் தொலைப்பாய்.

இப்படிக்கு,
உன் அப்பா
லோரிஸ் சானொன்