'வரைந்தவர்' என்ற கட்டம்

அண்ணனுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ போட்டோ அனுப்பிக் கேட்ட நீதிமன்ற வரைபடம் முடிந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பதினோரு கும்மட்டம். நம் சாப்பாட்டுக் கடையில் மதியக் கூட்டம் கலைந்ததும் பின்மேசையைத் துடைத்துவிட்டு வரைந்தேன். நாளை மாமா நம் ஊர் பெக்கான் நானாஸிலிருந்து விமானத்தில் சென்னைக்குக் கிளம்புகிறார், கொண்டுவருவார்.

உன் கட்டடக்கலைக் கல்லூரிக்கு நான் வரைந்து அனுப்பும் ஐந்தாவது படம் இது. முந்தைய நான்கிலும் உன் பெயர்தான் இருந்தது. நானும் வாய் திறக்கவில்லை. உனக்குத்தான் தெரியுமே, மேசைக்குப் போய் ஆர்டர் கேட்கக்கூட எனக்குக் குரல் வராது.

போன வாரம் போனில் நீயே கொதித்தாய்: "கட்டுனதுன்னு வெள்ளைக்காரன் பேரு கல்லுல இருக்குலா. வரைஞ்சு குடுத்த நம்ம ஆளுங்க பேரு எங்கயுமே இல்ல. அநியாயம்!"

அநியாயம்தான்.

அதனால் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், என் பெயரை மையால் எழுதிவிட்டேன். பிளேடால் சுரண்டாதே, தாள் மெல்லியது, கிழிந்துவிடும். நீ படிக்கப் போனதும் கடைக்கு ஆள் வேண்டுமென்று மலேசியாவில் அத்தா படிவம் மூன்றோடு பள்ளியிலிருந்து நிறுத்திய மகள் வரைந்தது என்று வாத்தியாரிடம் சொல். முடியாதென்றால் நீயே வரை.

அத்தாவிடம் சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன்.

உன் தங்கை
(பெயர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது.)