ஏழாம் யன்னலில் கேளுங்கள்

வியாழன், 16 ஜனவரி 2025

மஞ்சள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க மறந்துவிட்டேன். லொறி வந்து போய்விட்டது. முப்பத்தைந்து வருடமாக அது இவருடைய வேலை. எந்தக் கிழமை எந்தத் தொட்டி என்று நான் நினைவில் வைத்ததே இல்லை.

இவருக்குப் பாரிசவாதம் வந்து இன்றோடு நான்கு வாரம். முகம் மழித்துக்கொண்டு நின்றவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு குளியலறையில் விழுந்தார். வலது கையும் காலும் அசையாது. பேச்சும் போய்விட்டது.

இல்லை, இன்று பேச்சு வந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

றேஹா என்கிற மறுவாழ்வு நிலையத்தில் தாதி மதியச் சாப்பாட்டை வைத்தாள். இவர் அவளை நிமிர்ந்து பார்த்து, சுத்தமான டொச்சில், அதுதான் ஜேர்மன் மொழியில், "ஐயா, நான் ஒரேயொரு கேள்வி கேட்கத்தான் வந்தேன்" என்றார். அவள் மகிழ்ந்துபோய் என்ன கேள்வி என்றாள். "ஏழாம் யன்னலில் இருந்துதான் என்னை இங்கே அனுப்பினார்கள்" என்றார்.

தாதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. அந்தக் கோதாரிப் படம்.

வெள்ளி, 17 ஜனவரி

நித்திரை சரியில்லை. எழுதினால் ஆறுமோ பார்க்கிறேன்.

எண்பத்தைந்தில் இவர் ஜேர்மனிக்கு வந்தபோது அகதிகள் விடுதியில் ஒரு வீடியோப் பெட்டியும் ஒரேயொரு கசற்றும் இருந்தனவாம். ஆங்கிலப் படம், டொச் குரல் கொடுத்தது. மனிதன் எதற்காகப் பிறந்தான், எதற்காகச் சாகிறான் என்று கேட்டு, பிறப்பில் தொடங்கிச் சவக்குழி வரை துண்டு துண்டாகப் பகிடிக் கதைகள். இவரும் விடுதியில் கூட இருந்த தம்பித்துரை அண்ணையும் வேறு வேலையில்லாமல் அதை நூறு தரம் போட்டுப் பார்த்து டொச் படித்தார்கள். இவரின் டொச்சுக்கு வாத்தியார் அந்தப் படம்தான்.

இவருக்குப் பிடித்த துண்டு, செத்துப்போன ஒருவன் மேலுலக அலுவலகத்தில் வரிசையில் நிற்பது. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. அதை நடிக்கும்போது இவர் செத்தவன், அண்ணை குமாஸ்தா. கலியாண வீடு, பிறந்தநாள், எங்கே இரண்டு பேரும் சந்தித்தாலும் அந்தக் கூத்து நடக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடவுள் சாப்பிடப் போய்விட்டார், இரண்டு மணிக்கு வாருங்கள் என்று அதில் ஒரு அட்டை தொங்குமாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

செவ்வாய், 21 ஜனவரி

இன்றும் அதே நான்கைந்து வசனங்கள். தமிழில் ஒரு சொல் இல்லை.

சனி, 25 ஜனவரி

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் இருத்தி வைத்து விளக்கினாள். நாங்கள் நினைத்துப் பேசும் பேச்சு மூளையில் ஓரிடம், மனப்பாடம் செய்தது வேறோரிடமாம். செபம், பாட்டு, எண்ணுவது எல்லாம் சிலருக்கு அழியாமல் தப்பிவிடுமாம். பொருள் தெரிந்து சொல்கிறாரா என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது, சில வேளை வெறும் ஓசைதான் என்றாள்.

செபம் தப்பும் என்றாளே என்று கையில் செபமாலையைக் கொடுத்து "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினேன். இவர் மணிகளை உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரேயொரு கேள்வி கேட்கத்தான் வந்தேன் என்றார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போன மனிசனுக்கு மாதா மறந்துபோச்சு, குமாஸ்தா நிக்கிறான். நடையில் வந்து நின்று அழுதேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. யோசப்பின் என்ற என் பெயரை இவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "இஞ்சேரும்" என்பார், அவ்வளவுதான். தேத்தண்ணி வேண்டுமென்றாலும் இஞ்சேரும், சாவியைக் காணவில்லை என்றாலும் இஞ்சேரும். அதை ஒரு தரம் சொன்னால் போதும். உள்ளே நான் இருக்கிறேனா என்று தெரிந்துவிடும்.

ஞாயிறு, 26 ஜனவரி

நேற்று ஒன்றை மறைத்துவிட்டேன். புறப்படும்போது அந்தப் பெண் கேட்டாள்: அவர் ஒரு பக்கத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார், காத்திருக்கிறார், எதிர்ப்பக்கத்தை யார் சொல்வது? தெரியாது என்றேன்.

கசற் இருந்திருந்தால் போட்டுக் காட்டியிருக்கலாம். மகள் கிறிஸ்ரினாவுக்கு முதல் நற்கருணை கொடுத்த வருடம், வீட்டில் இந்தச் சாமான் இருக்கக்கூடாது என்று நான்தான் அதைக் குப்பையில் போட்டேன். இவர் தேடவில்லை, கேட்கவுமில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் தொட்டியை வெளியே இழுத்துப்போனது இவர்தானே. மூடியைத் திறந்து மற்றப் பையைப் போட்டிருப்பாரே. கண்டிருப்பார்.

சனி, 8 பெப்ரவரி

கிறிஸ்ரினா படத்தை எங்கேயோ தேடிப் பிடித்துக் கணினியில் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் இருந்து பார்த்தோம். முதல் தடவையாக முழுதாகப் பார்க்கிறேன். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை.

அலுவலகத் துண்டு வந்தது. செத்தவன் கேள்விக்காக யன்னல் யன்னலாக அலைகிறான். எதற்காக வாழ்ந்தேன் என்று கேட்கிறான். அது ஏழாம் யன்னல் என்கிறான் குமாஸ்தா. அங்கிருந்துதான் வருகிறேன் என்கிறான் இவன். கையில் வரிசை நம்பர் போட்ட ஒரு துண்டு, முகத்தில் அந்தப் பணிவு. வெளிநாட்டார் அலுவலகத்தில் விசா நீட்ட இவருக்குப் பக்கத்தில் நின்ற காலைகள் ஞாபகம் வந்தன. இதைப் பார்த்துத்தான் இவ்வளவு காலமும் சிரித்தாரா?

ஞாயிறு, 2 மார்ச்

தம்பித்துரை அண்ணை கம்பூன்றிக்கொண்டு ரயில் ஏறி வந்தார். முழங்காலில் சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்திருக்கிறார்கள், அதற்குமுன் ஒருக்கால் பார்க்க வேண்டுமென்று. வந்தவர் சுகம்கூட விசாரிக்கவில்லை. கட்டிலுக்கு முன் கதிரையைப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, "நம்பர்?" என்றார் டொச்சில்.

இவரின் முகம் திறந்தது. நான்கு வசனம் என்று நினைத்திருந்தேன், முழுத் துண்டும் வந்தது. கடைசியில் குமாஸ்தா, தனியாகவா வந்தீர்கள் என்று கேட்க, இவர் "மைனெ ஃப்ராவ் கொம்ற் நாஹ்" என்றார். என் மனைவி பின்னால் வருகிறாள். பிறகு இரண்டு பேரும் கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

கீழே கோப்பிக் கடையில் அண்ணை அந்த வசனத்தின் கதையைச் சொன்னார். இவரின் முதல் அகதி விசாரணையில் மொழிபெயர்க்க ஆளில்லையாம். தனியாகவா வந்தீர் என்று அதிகாரி கேட்டதும், இவருக்கு முழுதாகத் தெரிந்த ஒரே வசனம் வாயில் வந்துவிட்டது.

"மனுசி பின்னால வாறா எண்டிட்டான். அவங்களும் கலியாணம் முடிச்சவர் எண்டு பதிஞ்சு போட்டாங்கள். அப்ப ஆளுக்குப் பொம்பிளையுமில்லை, ஒண்டுமில்லை" என்று சிரித்தார். "இனி ஒருத்தியைக் கூப்பிடத்தானே வேணும் எண்டு பிறகு ஊருக்குக் கடிதம் போட்டவன். நீங்கள் வந்தாப்பிறகு அந்தப் பதிவைத் திருத்த ஒரு வருசம் எடுத்தது, தெரியாதே தங்கச்சி?"

தெரியாது. எண்பத்தொன்பதில் வந்து இறங்கிய என்னை, கடதாசிப் பிரச்சினை என்று சொல்லிக் கலியாணத்தைத் தள்ளிப்போட்டு ஒரு வருடம் சித்தி வீட்டில் இருத்தி வைத்தார்கள். மாப்பிள்ளைக்கு மனம் மாறிவிட்டதோ என்று நான் நேர்த்தி வைத்தேன்.

திங்கள், 3 மார்ச்

இன்று போகவில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் கூடுதலாக ஒரு முறை வேலை கேட்டு வாங்கிச் செய்தேன். துவாய் மடிக்க மடிக்க ஒரே கேள்வி. ஒரு பகிடி வசனத்துக்குப் பொருத்தமாத் தேடிப் பிடிச்ச ஆளே நான்? எனக்கும் ஏழாம் யன்னலில்தான் கேட்க வேண்டும் போல.

புதன், 5 மார்ச்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு நேரே றேஹாவுக்குப் போனேன். இரண்டு நாள் வராதது தெரிந்ததோ என்னவோ, இவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் என் நெற்றியைத் தொட்டார். தொட்ட விரலைப் பார்த்துவிட்டு என் சேலை நுனியில் துடைத்தார். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அண்ணையால் இனி இரண்டு மாதத்துக்கு வர ஏலாது. குமாஸ்தாவின் வசனங்களைக் கிறிஸ்ரினாவிடம் சொல்லித் தமிழ் எழுத்தில் எழுதி வாங்கியிருக்கிறேன். தவக்காலத்தில் மற்றவர்கள் இறைச்சியை விடுவார்கள். நான் வெட்கத்தை விட்டிருக்கிறேன்.

வியாழன், 20 மார்ச்

இரண்டு கிழமை பாடமாக்கினேன். இன்று கதிரையைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, "நம்பர்?" என்றேன். இவர் அப்படியே பார்த்தார். கசற்றைக் குப்பையில் போட்டவள் குமாஸ்தாவாக வந்திருக்கிறாள். பிறகு மெல்லத் தொடங்கினார். நான் பிழை விட்ட இடத்தில் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். இரண்டாம் தரம் சரியாகச் சொன்னதும் விரலை இறக்கினார்.

ஆனால் கடைசியில், தனியாகவா வந்தீர்கள் என்று கேட்டதும், பேசவில்லை.

சனி, 29 மார்ச்

பத்தாவது நாள். மற்ற எல்லாம் தடங்கலில்லாமல் வருகிறது. அந்த ஒரு வசனம் மட்டும் வராது. என்னைப் பார்த்துக்கொண்டு இருப்பார், வாய் கூட அசையாது. அண்ணைக்குச் சொன்னவர் எனக்கு ஏன் சொல்லவில்லை? மனைவி என்ற இடத்தில் ஆளில்லையா? முப்பத்தைந்து வருடச் சீவியம் அழிந்து, அகதி விடுதிப் பெடியன் மட்டும்தான் மிச்சமா?

ஞாயிறு, 30 மார்ச்

கிறிஸ்ரினா என்னோடு வந்து ஒரு மூலையில் நின்று பார்த்தாள். இன்றும் அதே கதைதான். வெளியே வந்து, ரயில் மேடையில் நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்க, அவள் சொன்னாள்: "அம்மா, நீங்கள் அவருக்கு முன்னாலதானே இருக்கிறீங்கள். பின்னால வாறா எண்டு அப்பா எப்பிடிச் சொல்லுவார்?"

ரயில் வந்து போனது. நாங்கள் ஏறவில்லை.

வெறும் ஓசை இல்லை. தெரிந்துதான் பேசாமல் இருந்திருக்கிறார். நான் இருக்கிறேன். உள்ளே இருக்கிறேன்.

செவ்வாய், 1 ஏப்ரல்

இன்று கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நானே கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார். இனித் துண்டு இப்படித்தான் முடியும்.

வியாழன், 10 ஏப்ரல்

காலை எட்டரைக்கு றேஹாவில் இருந்து தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். மறுபடி பாரிசவாதம், பெரிய ஆசுபத்திரிக்கு மாற்றுகிறோம், வாருங்கோ என்று. ரயில் நிலையத்தில் முதல் ரயில் இல்லை என்று பலகையில் விழுந்தது. அடுத்தது நாற்பது நிமிடம் பிந்தி. நான் அங்கே மேடையில் நின்றேன். நின்றேன்.

பதினொன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பத்து ஐம்பதுக்கு முடிந்துவிட்டது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வெறுங்கதிரை. வாசலில் நின்ற தாதி என்னைக் கண்டதும், நீங்கள்தான் மனைவியா என்று கேட்டாள். கொண்டுவந்து கிடத்தியபோது, தனியாகவா வந்தீர்கள் என்று அவள் சும்மா கேட்டாளாம். இவர் மிகத் தெளிவாக, என் மனைவி பின்னால் வருகிறாள் என்றாராம். அதனால் நீங்கள் வருவீர்கள் என்று கதிரையை யாரையும் எடுக்க விடவில்லை என்றாள்.

அதில் இருந்தேன். கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.

செவ்வாய், 15 ஏப்ரல்

அடக்கம் செய்கிறவர்கள் மரணத்தைத் தாங்களே பதிந்து தருவதாகச் சொன்னார்கள். நான்தான் போவேன் என்று நின்றேன். நகர அலுவலகத்தில் துண்டு நம்பர் எடுத்தேன். இருந்து எண்ணிப் பார்த்தேன். ஆறு யன்னல்தான் இருந்தன.

பதிவுக்காரப் பெண் பிறந்த திகதி, இடம் எல்லாம் தட்டிவிட்டு, இறக்கும்போது அவர் திருமணமானவரா என்று கேட்டாள். கலியாணச் சான்றிதழைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன். டொச்சில் சொல்ல வாய் வரவில்லை. "ஓம்" என்றேன். அவளுக்கு அது விளங்கியது. பதிந்தாள்.

வீட்டுக்கு வந்து மஞ்சள் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைத்தேன். சில்லு ஒன்று இறுகிப்போயிருக்கிறது, அதை இவர் சொன்னதே இல்லை. மூடியில் கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, இஞ்ச ஏழாம் யன்னல் இல்லை. கதிரையை எடுக்க விடாதேங்கோ. நான் மெல்ல ஆறுதலா வாறன்."